மணமக்களின் விருப்பத்தை எதில் கேட்கிறோம்?

திருமணம் பேசி முடித்ததும் பல வீடுகளில் முதல் வேலை மஹல் பிடிப்பதும், மேடை அலங்காரத்துக்குப் படம் தேடுவதும்தான். தங்கள் திருமணம் தங்கள் விருப்பப்படி அமைய வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், மேடையின் நிறத்தை மணமகளிடம் நான்கு முறை கேட்கும் நாம், மஹர் என்ன வேண்டும் என்று ஒரு முறையாவது கேட்கிறோமா?

சம்மதம்

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர் விரும்பாத ஒருவருக்குத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அந்த நிக்காஹ்வை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். புகாரீயில் பதிவான செய்தி இது. வீடு நிறைய உறவினர்கள் கூடியிருக்கும்போது தஃப்தரை நீட்டிக் கையெழுத்து வாங்குவது மட்டும் சம்மதம் கேட்டதாகாது. சம்பந்தம் பேசும்போதே தாயோ அக்காவோ தனியே உட்கார்ந்து கேட்க வேண்டும். மகனிடமும் அப்படியே.

மஹர்

மஹர் பெண்ணின் உரிமை என்பதை அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் தெளிவாக்குகிறது. நபித்தோழர்களின் மஹர் ஒரே அச்சில் இருக்கவில்லை. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம் கொடுத்தார்கள். இரும்பு மோதிரம்கூட இல்லாத ஏழைத் தோழருக்கு, அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் அத்தியாயங்களுக்காக மணமுடித்து வைக்கப்பட்டது. அபூதல்ஹா (ரலி) இஸ்லாத்தை ஏற்றதையே உம்மு ஸுலைம் (ரலி) மஹராக ஏற்றார்கள். அந்தப் பெண்மணி யார் என்பதை அந்த மஹரே சொல்லிவிடுகிறது.

இன்று ஒரு பெண் நகை கேட்கலாம். ரொக்கமோ ஒரு துண்டு நிலமோ கேட்கலாம். அவளிடம் கேட்காமல் பெரியவர்களே ஒரு சிறு தொகையை எழுதிவிட்டு, கைக்கூலியும் சீரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், அங்கே அவளுடைய விருப்பத்துக்கு இடமே இல்லை.

வலீமா

ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் ஆடு அறுத்து விருந்தளித்தார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் மட்டுமே. இருப்பதற்கு ஏற்ப விருந்து அமைந்தது. ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது நாமாக ஏற்படுத்திக்கொண்ட சட்டம். நூறு பேரை அழைத்து, அதில் தெருவின் ஏழைகளையும் சேர்த்து, சஹனில் ஒன்றாக உட்கார வைப்பது மணமக்களின் விருப்பமானால் பெற்றோர் தடுக்க வேண்டாம்.

எப்படித் திட்டமிடுவது?

நிக்காஹ்வுக்கு முன் இருவரும் தனிமையில் சந்தித்துப் பேச மார்க்கத்தில் இடமில்லை. ஆகவே, கட்டாயம் வேண்டியவை மூன்று, வேண்டாதவை மூன்று என்று இருவரும் எழுதித் தரட்டும். இரு வீட்டாரும் உட்கார்ந்து அதைப் படித்த பிறகு செலவுக் கணக்குப் போடுங்கள். கடன் வாங்கினால்தான் முடியும் என்கிற செலவை முதலில் அடித்துவிடுங்கள். மேடையை மறுநாளே பிரித்துவிடுவார்கள். கடனைப் புதுத் தம்பதியோ பெற்றோரோ வருடக்கணக்கில் சுமக்க வேண்டியிருக்கும்.

நம் பிள்ளைகளின் இல்லறத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!