இயந்திரமயமாக்கல்: ஒரு சொல்லும் அதன் பொருளும்

நம் மாணவர்கள் பாடசாலையில் ‘மெக்கனிசாசியோன்’ எனப் பிரெஞ்சு மொழியிலும் ‘மெக்கனைசேஷன்’ என ஆங்கிலத்திலும் பயிலும் சொல்லைத் தமிழில் ‘இயந்திரமயமாக்கல்’ என்கிறோம். மனிதரின் கைகளும் விலங்குகளின் வலுவும் செய்துவந்த தொழிலை இயந்திரத்தைக் கொண்டு செய்வித்தலே இதன் பொருளாகும். அவ்விரு சொற்களுக்கும் மூலம் ‘மேகானே’ என்னும் கிரேக்கச் சொல். அது சூழ்ச்சியையும் கருவியையும் ஒருங்கே குறிக்கும்.

தமிழ்ச் சொல்லைப் பிரித்து நோக்குவோம். இயந்திரம், மயம், ஆக்கல் என அதற்கு மூன்று உறுப்புகள் உள. ‘யந்திரம்’ என்னும் வடசொல், அடக்குதல் எனப் பொருள்படும் ‘யம்’ என்ற அடியிற் பிறந்தது. எனவே, அடக்கி ஆளுதற்குரிய கருவி என்பது அதன் முதற்பொருள். ‘மயம்’ என்பதும் வடசொல்லே, நிறைந்திருத்தலைக் குறிக்கும். ‘ஆக்கல்’ தமிழ்ச் சொல்லாகும்.

‘எந்திரம்’ என்னும் வடிவம் தமிழுக்குப் புதியதன்று. ஐங்குறுநூறும் புறநானூறும் கரும்பு பிழியும் ஆலையை அப்பெயராற் சுட்டுகின்றன. நாம் வாழும் மொன்றியலின் தொழில் வரலாற்றிலும் கரும்புக்கு இடமுண்டு. 1825இல் திறக்கப்பட்ட லாஷீன் கால்வாயின் கரையில், 1854இல் ஜோன் றெட்பாத் என்பவர் கரும்புச் சீனியைச் சுத்திகரிக்கும் ஆலையை நிறுவினார். அக்கட்டடம் பின்னர் குடியிருப்பாக மாற்றப்பட்டு இன்றும் நிற்கிறது.

இனி, இறுதி உறுப்பை உற்று நோக்குவோம். ‘ஆதல்’ என்றால் தானே நிகழ்வது. ‘ஆக்கல்’ என்றால் ஒருவர் நிகழ்த்துவது. இயந்திரம் தானாக வருவதில்லை. அதனைக் கொணர்வோர் உளர். நம் ஊர்களில் நெல் குற்றும் ஆலை வந்தபோது, உலக்கை பிடித்த பெண்களின் தோள்நோவு தணிந்தது. ஆயினும், கூலிக்கு நெல் குற்றிய ஏழைப் பெண்கள் அக்கூலியை இழந்தனர். ஒரே இயந்திரம் ஒருவருக்கு ஓய்வையும் மற்றொருவருக்கு வறுமையையும் தந்தது. ஆகவே, புதிய இயந்திரம் எதனைக் காணினும், ‘இதனை ஆக்குவோர் யார்? பயன் பெறுவோர் யார்? இழப்போர் யார்?’ என வினவக் கற்போமாக.

மாணவச் செல்வங்களே, உரலும் உலக்கையும் பற்றி உங்கள் பாட்டியாரிடம் கேட்டுப் பாருங்கள். இச்சொல்லின் பொருளை அகராதியினும் தெளிவாக அவர் விளக்குவார்.