எஞ்சினின் வலுவும் வண்டியின் நிறுத்தமும்

மோட்டார் வண்டியின் பெருமையை அதன் எஞ்சினைக் கொண்டே அளவிடுதல் பலர்க்கும் வழக்கமாகும். உற்பத்தியாளரும் இதனை அறிந்து, ஒரே உடலமைப்பிற்குப் பல எஞ்சின்களை வழங்குவர். 1970களில் ஜெர்மனியில் உற்பத்தியான மெர்சிடிஸ் பென்ஸ் 'எஸ்' வகுப்பை நோக்குவோம். அதன் 280 எஸ் வண்டி, 2,746 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஆறு உருளை எஞ்சினைக் கொண்டது. 1975இல் வெளிவந்த 450 எஸ்ஈஎல் 6.9 வண்டியின் எஞ்சினோ எட்டு உருளைகளும் 6,834 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 286 பரிவலுவும் உடையது.

ஆயினும் அவ்வரிசையின் மெய்யான சிறப்பு, 1978இல் மேலதிக விலைக்கு வழங்கப்பட்ட பொஷ் நிறுவனத்தின் துணைக்கருவியேயாம். பிறேக்கை அழுத்துகையிற் சக்கரம் சுழலாது இறுகின் வண்டி வழுக்கும், சுக்கானும் பயன்படாது. அக்கருவி சக்கரம் இறுகுந் தறுவாயை உணர்ந்து, பிறேக்கின் அழுத்தத்தை ஒரு செக்கனிற் பன்முறை தளர்த்தி மீட்டும் கூட்டும்.

வேகம் இருமடங்காயின், பிறேக்கு வெப்பமாக மாற்றவேண்டிய சக்தி நான்மடங்காகும். தெல்தெனியவைக் கடந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியின் 18 வளைவுகளில் மழைநாளில் இறங்குவோர்க்கு இவ்விதியின் பொருள் நன்கு விளங்கும். ஏறுதற்கு எஞ்சினின் வலு உதவும்; இறங்குதற்கோ கீழ்க் கியரும் நல்ல பிறேக்குமே துணையாம்.

அன்று செல்வரின் விருப்பத் தேர்வாயிருந்த அக்கருவி இன்று எளிய வண்டிகளிலும் உண்டு. பழைய வண்டி வாங்குவோர், சாவியைத் திருப்பியதும் அக்கருவிக்குரிய விளக்கு எரிந்து அணைகின்றதா என நோக்குக. அணையாதாயின் கருவி பழுதுற்றதென அறிக. எஞ்சினின் பருமனை அதன்பின் வினவலாம்.