நெசவாளரின் கழுத்தும் தோளும்

ஆரணிப் பட்டை அறியாத தமிழர் இலர். அப்பட்டு ஆரணி நகருக்குள் மட்டும் நெய்யப்படுவதன்று. சுற்றுப்புற ஊர்களிலும் தறிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று களம்பூர். ரயில்வேயார் ‘ஆரணி ரோடு’ என்று பெயரிட்டிருக்கும் நிலையம் இவ்வூரில்தான் உள்ளது. புடவையின் விலையைப் பற்றியும் சரிகையின் தரத்தைப் பற்றியும் பேசுவோர் பலர். அதை நெய்தவரின் கழுத்தும் தோளும் என்ன பாடுபடுகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தரை மீட்டர்ப் புடவை சுமார் 216 அங்குல நீளம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டாலும், நாடா ஏறக்குறைய 13,000 தடவை பாவினூடே ஓடியாக வேண்டும். விசைத்தறியில் அவ்வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. குழித்தறியிலோ ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கை கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். மறு கை பலகையை இழுத்து ஊடையை அடிக்க வேண்டும். இது ஒரு புடவைக்குரிய கணக்கு. முப்பது வருஷம் நெய்தவரின் தோள் எத்தனை தடவை சுண்டியிருக்கும் என்பதை நேயர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

கழுத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இழை அறுந்ததா, சரிகை பிசகியதா என்று இமையாது நோக்க வேண்டியிருப்பதால் தலை முன்னே கவிந்தே இருக்கிறது. மனிதன் தலையின் எடை நாலரை ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கையில் முதுகெலும்புத் தூண் அதைத் தாங்கும்; குனிந்தாலோ பிடரித் தசைகளே அதை விழாமல் இழுத்துப் பிடித்தாக வேண்டும். நாளடைவில் தசை இறுகுகிறது. கழுத்தெலும்புகளின் நடுவேயுள்ள வட்டுகள் தேய்கின்றன. அவ்விடத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு நெருக்குண்டால் விரல் மரத்துப்போகும். மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு அழுந்தினாலும் விரல் மரத்துப்போகும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றே, சிகிச்சையோ வெவ்வேறு. இரவில் தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் மறுபடியும் குழியில் இறங்குகிறவருக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் யார்? தார் சுற்றும் பெண்களின் மணிக்கட்டைப் பற்றியோ பேச்சே இல்லை. (இதே களம்பூரின் அரிசி ஆலைகளில் மூட்டை சுமப்போர் கழுத்தின் கதை தனியே எழுதத் தக்கது.)

கை முறிந்தால் அதை விபத்து என்கிறோம். ஆயிரம் ஆயிரம் சிறு இழுப்புகளால் தோள் கெட்டால் அதை வயதின் கோளாறு என்று தள்ளிவிடுகிறோம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் மணிக்கட்டு, முழங்கை நோய்களுக்கு இடம் அளித்திருக்கிறது. நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டபோது, மின்விசையின்றி நடக்கும் இடமானால் இருபது பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றார்கள். கணவனும் மனைவியுமாக நெய்யும் வீடு எந்த இன்ஸ்பெக்டர் கண்ணில் படும்? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தேசத்தில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர். 1905-ம் ஆண்டுச் சுதேசி இயக்கத்தின் நினைவாக ஆகஸ்ட் 7-ந் தேதியைக் கைத்தறித் தினமென்று 2015 முதல் கொண்டாடுகிறோம். மாலைக்கும் மேடைக்கும் குறைவில்லை.

ஆராய்ச்சிக்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. களம்பூரில் ரயிலேறினால் வடக்கே வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளை ஆராயத் தொடங்கினார். அக்கைகள் தாமே அழுகி அழிவதாக அந்நாளில் கருதினர். அவரோ, வலி உணர்ச்சி இழந்த கை வேலை செய்யும்போதே தன்னையறியாமல் காயப்பட்டு அழிகிறது என்று கண்டார். கெடாத தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். கத்தி பிடிக்கும் திறமை அவருக்கு இருந்தது மெய்தான். ஆனால் நாம் பெரிதாக மதிப்பது, நோயாளி எப்படி வேலை செய்கிறார், எந்தக் கருவியை எப்படிப் பிடிக்கிறார் என்று அவர் உட்கார்ந்து பார்த்ததையே.

நெசவாளரை அப்படிப் பார்த்தவர் அயல்நாட்டில் உண்டு. ஈரான் தேசத்துக் கம்பள நெசவாளரைச் சூபினே முதலிய ஆராய்ச்சியாளர் பரிசோதித்து, கழுத்து, தோள் நோய் மிகுந்திருக்கக் கண்டு, ஆசனத்தின் உயரத்தையும் நெய்யுமிடத்தின் உயரத்தையும் மாற்றி அமைக்கும் யோசனைகளை 2007-ல் வெளியிட்டனர். அது நிமிர்ந்து நிற்கும் கம்பளத் தறி. நம்முடையதோ படுக்கைத் தறி, அதுவும் குழியில். அவர்கள் அளவைக் கடன் வாங்கி இங்கே பயனில்லை. நம் தறியை நாமே அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆட்களும் உண்டு. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் 1960 முதல் இருக்கிறது. ஆமதாபாத்தில் தொழில்சார் உடல்நலத்துக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தறியை அறிந்தவர் சேலத்தில், கையை அறிந்தவர் வேலூரில், வலியை அறிந்தவர் களம்பூரில். மூவரும் ஓரிடத்தில் கூடவேண்டும் என்பதே நம் கோரிக்கை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். தறியுள்ள வீட்டில் நுழையும்போது அவர்கள் நான்கு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டுப் பதிவு செய்யட்டும்: எத்தனை வருஷம் நெய்கிறீர், எந்தக் கை கயிறு இழுக்கிறது, எங்கே வலி, எந்த விரல் மரக்கிறது? ஒரு வருஷப் பதிவு கையில் இருந்தால், பலகை எந்த உயரத்தில் இருக்கவேண்டும், கயிற்றின் பிடி எப்படி அமையவேண்டும் என்று சேலத்தாரும் வேலூராரும் களம்பூர்த் தறியிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு கைத்தறித் தினக் கொண்டாட்டத்தின் செலவை மிஞ்சும் என்று நமக்குத் தோன்றவில்லை.