செப்பும் பந்தும்: வித்தைக்கருவி கொள்ளும் வகை

வித்தைக்காரரின் செப்புகளைப் பற்றிக் கூட்டுறவுச் சங்க இதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்களில் சிலர் வினவக்கூடும். நம் சங்க ஆண்டுவிழா மேடையில் முந்திய ஆண்டு நிகழ்ந்ததைக் கண்ணுற்றோர் அவ்வாறு வினவமாட்டார்கள். அன்று ஒரு சிறுவன் தலைகுனிந்து மேடையை விட்டு இறங்கினான். அதற்குக் காரணமாயிருந்தது அவனது கை அன்று. நாம் செய்த கொள்முதலே.

நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் மகன் அவன், பன்னிரண்டு வயதினன். வீட்டிலிருந்த மூன்று எவர்சில்வர் தம்ளர்களையும், கந்தல் துணியை உருட்டி நூலால் கட்டிய பந்துகளையும் வைத்துக்கொண்டு, தறிக்குழியின் ஓரத்தில் அமர்ந்து ஆறு மாத காலம் பழகியிருந்தான். தம்ளருக்கடியில் வைத்த பந்து மறைவதும், வெறுந்தம்ளருக்கடியில் பந்து தோன்றுவதும் கண்டு தெருவார் யாவரும் வியந்தனர். விழாவில் அவன் வித்தை இடம்பெற வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவாயிற்று. மேடைக்குத் தம்ளர் அழகன்று என்று நாமே கருதி, பொதுநல நிதியிலிருந்து பணம் பெற்று, இருவராக நகருக்குச் சென்று, பொன்னிற முலாம் பூசிப் பூவேலை செய்த செப்புகள் மூன்றும், வர்ணம் தீட்டிய மரப்பந்துகளும் வாங்கி வந்தோம். பையன் கைக்கு அவை கிடைத்தது விழாவிற்கு முதல் நாள் மாலையில்தான்.

மேடையில் முதற்செப்பு எளிதில் வந்தது. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டன. அவன் பற்றி இழுக்கையில் உள்ளிருந்த பந்து கணீரென்று மோதி வெளிப்பட்டு, மேசையினின்றும் உருண்டு முன்வரிசைக்கே வந்துவிட்டது. கூட்டம் நகைத்தது. சிறுவன் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனான். தன் கை சரியில்லை என்று தந்தையிடம் கூறினானாம். அதன் பிறகு ஒரு மாதம் வரையில் அவ்வீட்டில் தம்ளர்கள் தண்ணீர் குடிப்பதற்கன்றி வேறெதற்கும் வெளிவரவில்லை.

பின்னர், சந்தைக்கு வந்த வித்தைக்கார முதியவர் ஒருவரிடம் அச்செப்புகளைக் காட்டினோம். அவர் அவற்றை அடுக்கினார், கவிழ்த்தார், திருப்பி நம்மிடமே கொடுத்தார். "ஐயா, நீங்கள் கண்ணால் வாங்கினீர்கள், கையால் வாங்கவில்லை" என்றார்.

இச்சொல் நம்மைச் சுட்டது. நூல் சிட்டம் கைக்கு வந்தால் ஓரிழையைப் பிரித்து, முறுக்கைத் தளர்த்தி, சுண்டி அறுத்துப் பார்த்த பின்னரன்றோ ஏற்றுக்கொள்கிறோம்? நம் விவசாய அங்கத்தினர்கள் விதைநெல்லை உப்புநீரில் இட்டு, மிதப்பதை நீக்குகிறார்கள். பருத்தி இழையை விரல்களால் இழுத்து நீளம் காண்கிறார்கள். இத்தகைய நாம், செப்பு வாங்குகையில் மட்டும் பளபளப்பை நோக்கிப் பணம் கொடுத்துவிட்டோம்.

பழமையான வித்தை

இவ்வித்தை மிகவும் தொன்மையானது. செப்பு என்னும் சிறு கலத்தைக் கொண்டு செய்வதால் கைத்திறன் வித்தை முழுவதற்குமே தமிழில் செப்பிடுவித்தை என்று பெயர் வழங்கலாயிற்று. கேரளத்தில் இதனைச் செப்பும் பந்தும் என்றே அழைப்பர். பண்டைய உரோமாபுரியிலும் வித்தைக்காரருக்குப் பெயர் கிண்ணத்தைக் கொண்டே அமைந்தது. காடி வைக்கும் சிறு கிண்ணத்தின் பெயரால் அவர்களை அசெடாபுலாரி என்று அழைத்தனர். கி.பி. 65-இல் மறைந்த செனெகா என்னும் உரோமானிய அறிஞர், கிண்ண வித்தையில் ஏமாறுவதே தமக்கு இன்பம் என்றும், செய்யும் வகை தெரிந்தால் அதில் நாட்டம் போய்விடும் என்றும் தம் கடிதமொன்றில் குறித்துள்ளார்.

1584-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரெஜினால்டு ஸ்காட் என்பவர் சூனியக்காரர் என்று ஏழை எளியவரைப் பிடித்துத் தண்டிக்கும் கொடுமையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். பேயின் செயல் என்று மக்கள் அஞ்சுபவற்றுள் பல வெறும் கைத்திறனே என்று காட்டும் பொருட்டு, பந்துகளை மறைக்கும் முறையையும் அந்நூலில் விளக்கினார். எனவே இதன் நுட்பம் அச்சேறி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் வித்தை அழியவில்லை. நம் காலத்தில் பென், டெல்லர் என்னும் அமெரிக்க இருவர், உள்ளிருப்பது வெளியே தெரியும் கிண்ணங்களைக் கொண்டே இதனைச் செய்து காட்டி மக்களை மகிழ்விக்கின்றனர். மறைவு தெரிந்த பின்னும் கையின் நேர்த்தி சுவை தருகிறது என்பது இதனால் விளங்கும். அந்நேர்த்திக்கு இடையூறு செய்யாதிருப்பதே கருவியின் கடமை.

செப்பைச் சோதிக்கும் முறை

நம் நாட்டில் தெருவில் அமர்ந்து வித்தை செய்வோர், தலையில் குமிழ் வைத்துக் கடைந்த மரச்செப்புகளைக் கையாள்வர். குமிழை விரலிடையில் பற்றித் தூக்குவது அம்முறை. மேடையில் மேசையிட்டுச் செய்வோர் ஒன்றனுள் ஒன்று அடங்கும் உலோகச் செப்புகளைக் கொள்வர். இரண்டுக்கும் கைப்பழக்கம் வேறு. ஆகவே எம்முறையில் பழகியவருக்கு என்பதை முதலில் கேட்டறிந்தே கடைக்குச் செல்லுதல் வேண்டும். உலோகச் செப்பாயின் கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

முதலாவது, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்குக. இரு செப்புகளின் தலைகளுக்கிடையே ஒரு பந்து அடங்கும் இடைவெளி இருத்தல் வேண்டும். பந்து இருக்கும்போதும் இல்லாதபோதும் அடுக்கின் உயரம் ஒன்றாகவே தோன்றவேண்டும். செப்பின் தோளில் புடைத்த வரையொன்று சுற்றிலும் இருந்தால், மேற்செப்பு அதன்மேல் தங்கி நிற்கும். நாம் வாங்கியவற்றில் அவ்வரை இல்லை. சுவரோடு சுவர் இறுகியது அதனாலேயே.

இரண்டாவது, அடுக்கை வாய் மேலாக நிமிர்த்திப் பிடித்து ஒவ்வொன்றாக உருவுக. வழுக்கிக்கொண்டு தடையின்றி வருதல் வேண்டும். ஒருமுறை செய்து பார்த்தால் போதாது. இருபது முறையேனும் செய்க. கடைக்காரர் முகம் சுளித்தால் அக்கடையை விட்டு அகலுக.

மூன்றாவது, கவிழ்த்த செப்பின் தலையில் பந்தை வைத்துப் பார்க்க. தலை சற்றே குழிந்திருந்தால் பந்து நிற்கும், மேடாயிருந்தால் உருளும். வாயின் விளிம்பு மடித்து உருட்டப்பட்டிருக்கவேண்டும். அப்போதுதான் விரலை அறுக்காது, பிடிப்பும் கிடைக்கும், கலமும் நெளியாது.

நான்காவது, தகட்டின் கனம். மெல்லிய தகடு ஒருமுறை விழுந்தால் ஒடுக்கு விழும். ஒடுக்கு விழுந்த செப்பு மற்றதனுள் இறங்காது. மிகக் கனத்தது சிறுவர் கைக்குச் சுமை. நடுத்தரக் கனமுள்ள செம்பு ஏற்றது. செப்பு என்னும் சொல் கலத்தையும் செம்பையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைவிற்கு வருகிறது. கண்ணாடி போன்ற மெருகும் வேண்டா. மெருகு மிகுந்த செப்பில் உள்ளங்கையின் நிழல் விழுந்து, மறைக்க வேண்டியதைச் செப்பே காட்டிக்கொடுத்துவிடும். புளியிட்டுத் துலக்கிய அளவு பளபளப்பே போதும்.

ஐந்தாவது, வாயின் அகலம். சுமார் மூன்று அங்குல வாய் பொதுவாக ஏற்றது. வித்தையின் முடிவில் செப்புகளினடியிலிருந்து எலுமிச்சம்பழங்கள் வெளிப்படுவது வழக்கமாதலால், கடைக்குச் செல்கையில் ஒரு பழத்தையும் உடன் கொண்டு செல்லுதல் நலம். பழம் உள்ளே முட்டாமல் இறங்கவேண்டும்.

பந்தும் விரிப்பும்

செப்பு உலோகத்தார் தொழில்; பந்து நம் தொழில். மரப்பந்து உருளும், ஒலிக்கும், வியர்த்த விரலில் வழுக்கும். சிறு தக்கை உருண்டையின்மேல் பருத்தி நூலைக் கொக்கி ஊசியால் இறுகப் பின்னிய பந்தோ விரலிடையில் தங்கும். உலோகத்தில் பட்டாலும் ஓசை எழாது. வைத்த இடத்தில் நிற்கும். குறுக்களவு ஓர் அங்குலம் போதும். பந்துகள் யாவும் ஒரே அளவு, ஒரே சாயம், ஒரே இறுக்கம் உடையனவாயிருத்தல் அவசியம். சாயம் கையில் ஒட்டக்கூடாது. ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செப்புகள் மூன்றாயினும் பந்துகள் நான்கு வேண்டும். நான்காவது எதற்கு என்பதை வித்தைக்காரருக்கே விட்டுவிடுவோம்.

மேசையின்மேல் தடித்த விரிப்பு ஒன்று இன்றியமையாதது. பலகையில் வைக்கும் செப்பின் ஓசை வித்தையைக் கெடுக்கும். விரிப்பு அடர்ந்த ஒரே நிறமாகவும், பந்து சிவப்பு முதலிய எடுப்பான நிறமாகவும் இருந்தால் கடைசி வரிசையில் அமர்ந்தோருக்கும் தெரியும். ஜமக்காளம் நெய்யும் தறியில் கோடின்றி ஒரு முழம் நெய்துகொண்டால் அதுவே போதுமானது.

இவற்றை முதியவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தபின், ஓர் உண்மை நமக்குப் புலனாயிற்று. பையன் பழகிய எவர்சில்வர் தம்ளர்கள் இச்சோதனைகளில் பெரும்பாலானவற்றில் தேறியிருந்தன. விளிம்பு மடிந்தது, ஒன்றனுள் ஒன்று இறுகாதது, கைக்கு அடங்கியது. அவன் கை அறிந்து தேர்ந்துகொண்டதை நாம் அழகு கருதி நீக்கிவிட்டோம். இதனைச் சிறுவனிடமே சென்று கூறினோம். "தம்பி, பிழை எங்களுடையது" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆயினும் மறுநாள் தம்ளர்கள் வெளிவந்தன என்று அவன் தாயார் தெரிவித்தார்.

பின்னர் அவனையும் உடன் அழைத்துச் சென்றே செப்பு வாங்கினோம். எளிய செம்பு, பூவேலை இல்லை, முலாம் இல்லை. கடையில் அவன் அவற்றை இருபது முறையன்று, நாற்பது முறை அடுக்கி உருவினான். பந்துகளை நம் மகளிர் அங்கத்தினர் இருவர் மிச்ச நூலால் பின்னிக் கொடுத்தனர். மூன்று மாதம் அக்கருவிகளிலேயே பழகினான். இவ்வாண்டு விழாவில் இறுதிச் செப்பைத் தூக்கியபோது வெளிப்பட்ட எலுமிச்சம்பழம் நம் விவசாய அங்கத்தினர் ஒருவர் தோட்டத்தில் காய்த்தது. கூட்டம் இம்முறையும் ஆரவாரித்தது, நகைக்கவில்லை.

அச்செப்புகள் இப்போது சங்க இருப்புப் பதிவேட்டில் ஏறியுள்ளன. பழக விரும்பும் அங்கத்தினரின் பிள்ளைகள் கையொப்பமிட்டுப் பெற்றுச் செல்லலாம். முலாம் பூசிய மூன்றும் அலுவலக மேசைமேல் பேனாக்களைத் தாங்கி நிற்கின்றன. அவ்வேலைக்கு அவை முற்றிலும் தகுதியானவை. கொள்முதலுக்குப் புறப்படும் நிர்வாகக் குழுவினர் அவற்றை ஒருமுறை நோக்கிவிட்டுச் செல்வார்களாக.