ஹப் கியர் சைக்கிள் மேடு ஏற மறுக்குதா? முதல்ல பின்பக்கப் பல்லை எண்ணுங்க!

மூணு கியர் இருந்தும் மேட்டுல இறங்கித் தள்ள வேண்டியிருக்கா? மூணாவது கியரைத் தொட்டே மாசக்கணக்காகுதா? ஹப் சரியில்லைனு சைக்கிளை விற்கக் கிளம்பிடாதீங்க. பெரும்பாலும் சிக்கல் ஹப்ல இல்லை, அதுல மாட்டியிருக்கிற பல்சக்கரத்துலதான்.

கியர்களெல்லாம் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே ஒளிந்திருப்பதுதான் ஹப் கியர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902-ல் தொடங்கப்பட்ட ஸ்டர்மி ஆர்ச்சரின் 'ஏ.டபிள்யூ' மாடலையே எடுத்துக்குவோம். பின்பக்கப் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், இரண்டாவது கியரில் டயரும் ஒரு சுற்று. முதல் கியரில் முக்கால் சுற்று, மூன்றாவதில் 1.33 சுற்று. இதை நாம மாத்த முடியாது. நம்ம கையில இருக்கறது முன், பின் பற்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

கணக்கு சிம்பிள். முன்பற்களைப் பின்பற்களால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தால் (இன்ச்சில்) பெருக்குங்க. முன்னால் 46, பின்னால் 18, சக்கரம் 26 இன்ச் என்றால் இரண்டாவது கியர் 66. முதல் கியர் 50, மூன்றாவது 89. எண் குறையக் குறைய மிதிக்க லேசா இருக்கும். ஆபீஸுக்கு நிதானமா போறவங்களுக்கு 89 எதுக்கு? பின்காத்து அடிச்சாதான் உதவும்!

பின்னால் 22 பல் போட்டுப் பாருங்க. 41, 54, 72 என இறங்கிடும். சமதளத்துக்கு மூணாவது, எதிர்க்காத்துக்கு இரண்டாவது, மேட்டுக்கு முதல் கியர். முட்டியும் தப்பிக்கும். ஆம்ஸ்டர்டாம் மாதிரி தட்டையான ஊர்னா 18-ஐ மாத்தத் தேவையில்லை. இரண்டாவது கியரில் உள்ளே பற்கள் உரசாததால், மிதிக்கிற சக்தி அதிகம் வீணாகாது.

'அப்போ முன்பல்லையும் 38 ஆக்கிடலாமே?' வேணாம். முன்பல் பின்பல்லைப் போல சுமார் இரண்டு மடங்காவது இருக்கணும். அதுக்குக் கீழே போனா ஹப்புக்குள்ள முறுக்குவிசை ஏறி, பற்கள் உடையலாம். இன்னும் லேசான கியர் வேணும்னா, ஷிமானோ நெக்ஸஸ் 8 மாதிரி எட்டு கியர் ஹப் பக்கம் போறதுதான் சரி. அதன் முதல் கியர் 0.53 சுற்றுதான்.

பல்சக்கரத்தை மாத்துறது கஷ்டமில்லை. ஒரு வளையக் கிளிப்பை நெம்பினா கழன்று வரும். பெரிய சக்கரத்துக்குச் செயினில் சுமார் ஒரு இன்ச் கூடுதலா வேணும். சக்கரத்தைத் திரும்ப மாட்டினதும் கியர் கேபிளை மறக்காம அட்ஜஸ்ட் பண்ணுங்க. பழைய ஏ.டபிள்யூ-வில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவுல ஒரு நியூட்ரல் இருக்கு. கேபிள் சரியில்லைனா, எழுந்து நின்னு மிதிக்கும்போது பெடல் திடீர்னு பிடிப்பில்லாம சுத்தி உங்களைக் கீழே தள்ளிடும்.