மூச்சு முட்டுவது ஏன்?

காசிமேட்டு மீனவர்கள் கடலில் வலை இழுக்கிறார்கள். விசைப்படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சிக்கிக்கொள்கிறது. இன்ஜினை நிறுத்துகிறார்கள். ஒருவர் கத்தியை எடுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, தண்ணீரில் குதிக்கிறார்.

வலையை அறுக்கிறார். சற்று நேரத்தில் மூச்சு முட்டுகிறது. "மேலே போ, மேலே போ" என்று உடம்பு கெஞ்சுகிறது.

பிராணவாயு தீர்ந்துவிட்டதா? இல்லை. கரியமில வாயு சேர்ந்துவிட்டது. அதுதான் முக்கிய காரணம்! மூச்சை நடத்துவது கரியமில வாயுதான் என்பதை, ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1905-ம் ஆண்டில் சோதனை செய்து காட்டினார்கள்.

ரத்தம் சுமக்கும் வாயு

நாம் தின்னும் சோறும் மீனும் உடம்புக்குள் எரிந்து சக்தி தருகின்றன. அடுப்பு எரிந்தால் புகை வரும் அல்லவா? அதுபோல, உடம்பில் கரியமில வாயு உண்டாகிறது. அதை நுரையீரலுக்குச் சுமந்து செல்வது ரத்தம்.

100 பங்கில் சுமார் 70 பங்கு, சிவப்பு அணுக்களுக்குள் தண்ணீருடன் சேர்ந்து, 'பைகார்பனேட்' ஆக மாறுகிறது. ஆப்ப சோடாவில் இருக்கும் அதே சரக்குதான்! சுமார் 20 பங்கு, 'ஹீமோகுளோபின்' என்ற சிவப்புப் பொருளில் ஒட்டிக்கொள்கிறது. மீதி, கோலி சோடாவில் இருப்பதுபோல அப்படியே கரைந்திருக்கிறது. நுரையீரலை அடைந்ததும் எல்லாம் மீண்டும் வாயுவாகி வெளியேறுகிறது.

புளிப்பு ஏறினால்?

கோலி சோடா லேசாகப் புளிக்கும். கரியமில வாயு தண்ணீரில் சேர்ந்து அமிலம் ஆவதே காரணம். ரத்தத்திலும் இதுதான் நடக்கிறது. அந்த அமிலத்தின் பெரும் பகுதியை ஹீமோகுளோபின் தாங்கிக்கொள்கிறது.

அமிலத்தை அளக்க 'பி.எச்.' என்ற கணக்கு உண்டு. எண் குறைந்தால் அமிலம் அதிகம் என்று பொருள். ரத்தத்தில் அது 7.35 முதல் 7.45 வரை இருக்கவேண்டும். அமிலம் ஏறினால் மூளைக்கு உடனே தெரிந்துவிடும். "வேகமாக மூச்சு விடு" என்று உத்தரவு போடும். சிறுநீரகமும் அமிலத்தைக் கழிக்கும். ஆனால் அதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும்.

உயிரைக் குடிக்கும் தவறு

சிலர் மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விடுவார்கள். "பிராணவாயு நிறையச் சேரும்" என்று நினைப்பு. அது தவறு! ரத்தத்தில் பிராணவாயு ஏற்கனவே ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. குறைவது கரியமில வாயுதான். அதனால் உடம்பின் எச்சரிக்கை மணி ஒலிக்கத் தாமதமாகிறது. மூச்சு முட்டும் முன்பே பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி மாண்டிருக்கிறார்கள்.

ஆகவே, மூழ்கும் முன் வேகமாக மூச்சு விடாதீர்கள். தனியாக மூழ்காதீர்கள். குளத்திலும் கடலிலும் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மூச்சு முட்டினால், உடனே மேலே வந்துவிடவேண்டும்!