மேடை ஒளி விளைவுகள்

மேடை ஒளி விளைவுகள் என்பவை நிலவு, அருவி, மின்னல், தீ, தெய்வம் தோன்றி மறைதல் போன்றவற்றை விளக்கொளியின் துணையால் நாடக மேடையில் காட்டும் முறைகளாகும். நடிகர் முகம் தெரிவதற்காகப் போடப்படும் பொது வெளிச்சம் இதில் சேராது.

தமிழ் மேடையில் இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. தீவட்டி வெளிச்சத்திலும், பின்னர் கேஸ் லைட் எனப்பட்ட பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் கூத்தும் நாடகமும் விடிய விடிய நடந்தன. மின்சாரம் வந்த பிறகு நவாப் ராஜமாணிக்கம் தம் குழுவின் தசாவதாரம் போன்ற நாடகங்களிலும், ஆர். எஸ். மனோகர் தம் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகங்களிலும் காட்டிய தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் கூடியது. வங்காளத்தில் தபஸ் சென் ஒளியமைப்பைத் தனிக் கலையாகவே வளர்த்தார். உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் (1959) நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர் மூழ்குவதை, பெரும்பாலும் ஒளியைக் கொண்டே அவர் காட்டினார்.

குறவஞ்சியை மேடையேற்றுதல்

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை, மேலகரம், இலஞ்சி வட்டாரத்துப் பள்ளி விழாவுக்குத் திருக்குற்றாலக் குறவஞ்சியை விடப் பொருத்தமான நாடகம் இல்லை. அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். நிலவு, மலை, அருவி ஆகிய மூன்றும் அதில் வருகின்றன. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவற்றைக் காட்டலாம்.

வசந்தவல்லி நிலவைப் பழிக்கும் இடத்துக்கு நிலா வேண்டும். பின்திரையாக மெல்லிய வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி, அதன் பின்னால் வட்டத் துளையிட்ட தகரப் பெட்டிக்குள் ஒரு பல்பை வைக்க வேண்டும். பெட்டி துணியை ஒட்டினாற்போல் இருந்தால் நிலவின் விளிம்பு கூர்மையாக விழும். சற்றே விலகினால் விளிம்பு மங்கி, மேகம் மூடிய நிலவு போலத் தோன்றும். கயிற்றில் கட்டி மெல்ல மேலே இழுத்தால் நிலா உதயம். மேடைக்கு நீல ஜெலட்டின் தாள் போட்ட விளக்கு போதும். உண்மையில் நிலவொளி நீலம் அன்று, சூரிய ஒளியின் எதிரொளிதான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பை விட நீலத்தை எளிதில் உணர்வதால் இரவு நமக்கு நீலமாகப் படுகிறது. ஒரு எச்சரிக்கை: நீல விளக்கின் கீழ் சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும். ஆடைகளை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஒத்திகையில் இதைப் பாராமல், விழா நாளில் வசந்தவல்லி கறுப்புச் சேலையில் நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

அருவிக்குத் தகர உருளை ஒன்று செய்ய வேண்டும். அதைச் சுற்றிலும் ஒழுங்கற்ற துளைகள் இட்டு, நடுவே அசையாமல் ஒரு பல்பைப் பொருத்தி, படுக்கைவாட்டில் வைத்துக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். திரையை நோக்கிய பக்கம் கீழ்நோக்கி நகர வேண்டும். மாற்றிச் சுற்றினால் அருவி மலை ஏறும்! பால்நிறக் கண்ணாடி பல்பு இதற்கு ஆகாது. உள்ளிருக்கும் இழை தெரியும் பல்புதான் துளைகளின் வடிவத்தைத் தெளிவாக வீழ்த்தும். வெள்ளைத் துணிக் கீற்றுகளைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் ஒரு மின்விசிறி வைத்து, அவற்றின் மேல் இந்த ஒளியை விழச் செய்தால் ஐந்தருவியே இறங்கியது போலிருக்கும்.

சிற்றாற்றின் நீர் அலையைப் பாறையில் காட்ட, அகலத் தட்டில் நீர் ஊற்றி, அடியில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் போட்டு, சாய்வாக ஒளி பாய்ச்ச வேண்டும். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற பாடம் இங்கே கண்முன் நடக்கும். நீரை விரலால் லேசாகத் தொட்டால் சுவரில் ஒளி நெளியும். விளக்கும் வயரும் தட்டிலிருந்து எட்டவே இருக்க வேண்டும்.

தோன்றி மறைதல்

அகத்தியர் குற்றாலத்தில் திருமாலைச் சிவலிங்கமாக மாற்றியதாகத் தலபுராணம் கூறும். இத்தகைய காட்சிக்கு ஏற்றது வலைத்துணி. கொசுவலை போன்ற மெல்லிய துணியில் கோயிலையோ மலையையோ சாயத்தால் வரைந்து தொங்கவிட வேண்டும். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ சாய்வாக ஒளி விழுந்து, பின்புறம் இருளாக இருந்தால் ஓவியம் மட்டும் தெரியும். முன்ஒளியை மெல்லக் குறைத்துப் பின்னால் நிற்பவர் மீது ஒளியைக் கூட்டினால் ஓவியம் கரைந்து அவர் தோன்றுவார். விளக்கு நேர் எதிரே இருந்தால் ஒளி வலைக்குள் ஊடுருவி இரகசியம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிடும். பெரும்பாலான மேடைகளில் இந்தக் காட்சி கெடுவது இந்த ஒரு தவற்றால்தான்.

ஆவி உருவங்களுக்கு இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் 1862-இல் மேடையேற்றிய முறை வேறு. மேடையில் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடியில், பார்வையாளருக்குத் தெரியாத இடத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகரின் பிம்பம் விழும். இரவில் பேருந்து ஜன்னல் கண்ணாடியில் நம் முகமும் வெளியே ஓடும் மரங்களும் ஒன்றாகத் தெரிவது இதே காரணத்தால்தான். பள்ளி மேடைக்கு இவ்வளவு பெரிய கண்ணாடி உகந்ததன்று.

ஆபத்துகள்

ஒளியைப் படிப்படியாகக் குறைக்க முன்பு உப்புநீர் டிம்மர் பயன்பட்டது. ஜாடியில் உப்பு நீர் நிரப்பி, மின்சாரம் பாயும் இரு உலோகத் தகடுகளில் ஒன்றை ஏற்றி இறக்குவார்கள். தகடுகள் நெருங்க நெருங்க மின்தடை குறைந்து விளக்கு பிரகாசிக்கும். திறந்த நீரில் நேரடி மின்சாரம் என்பதால் கை பட்டால் உயிர் போகும். பழைய நினைவில் இதை யாரும் இன்று செய்து பார்க்கக் கூடாது. எல்.இ.டி. விளக்குகளின் ஒளியைப் பொத்தானிலேயே குறைக்கலாம். அவை ஹாலோஜன் அளவுக்குச் சூடாவதும் இல்லை.

1000 வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதற்கு மேல் இன்னொன்று தாங்காது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நான்கு விளக்குகளைச் செருகினால் 17 ஆம்பியருக்கு மேல் ஓடும், வயர் உருகும். வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கைக் கூட்டுவதற்கு முன் அருகே கொண்டுவந்து பார்க்கலாம். 4 மீட்டரில் இருக்கும் சிறு விளக்கை 2 மீட்டருக்கு நகர்த்தினால் ஒளி நான்கு மடங்காகும். ஆனால் துணியிலிருந்து எட்டவே நிறுத்த வேண்டும்.

வேகமாக விட்டு விட்டு எரியும் மின்னல் விளக்கு, வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டும். நொடிக்கு 4 முறைக்கு மேல் மின்னவிடாமல், சில நொடிகளில் நிறுத்திவிடுவதும், முன்கூட்டியே அறிவிப்பதும் நல்லது.

சிகாகோவின் இராகுவா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று பகல் காட்சி நடந்தது. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிலவொளிப் பாடல் ஒன்றுக்காக எரிந்துகொண்டிருந்த வில்விளக்கிலிருந்து பொறி பறந்து திரைத்துணியில் பற்றியது. மேடையை மூட இறக்கிய தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன அல்லது திறக்கத் தெரியாதபடி அமைந்திருந்தன. 600 பேர் அளவில் இறந்தனர். அதன் பின்னரே, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவுகளும் வெளியேறும் வழியைக் காட்டும் விளக்குகளும் அரங்குகளில் பரவலாகக் கட்டாயமாயின. பந்தல் மேடையில் நாடகம் போடுபவர்கள் நிலாப் பெட்டியைக் கட்டும்போதே, அதனருகே ஒரு மணல் வாளியையும், மெயின் சுவிட்சின் அருகே விலகாமல் நிற்க ஒரு பெரியவரையும் வைத்துக்கொள்ள வேண்டும்.